கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய கால்பந்து கிளப் செய்யக் கூடாதவை

இங்கிலாந்தில் பிரீமியர் லீகும் அதற்கு அடுத்த மூன்று பிரிவுகளும் சேர்ந்தால் 92 கிளப்புகள். அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் 'நான்-லீக்' என்கிறார்கள். அதன் உச்சியில், அதாவது ஐந்தாம் படியில், நேஷனல் லீக் இருக்கிறது. ஆறாம் படி வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரியும். அதற்குக் கீழே இன்னும் பல வட்டார லீக்குகள். ஒவ்வொரு மே மாதமும் இந்தப் படிகளில் எங்கோ சில கிளப்புகள் ஒரு படி சறுக்கும். சறுக்கியதாலேயே எந்தக் கிளப்பும் செத்துவிடுவதில்லை. 'அடுத்த வருஷமே மேலே வந்துவிடுவோம்' என்று நம்பி, மேலே இருந்தபோது செய்த செலவையே கீழேயும் செய்கிற கிளப்புகள்தான் அழிகின்றன.

உடனே திரும்பி வருவது நடக்காத காரியம் இல்லை. பிரிஸ்டல் ரோவர்ஸ் 2014-இல் நேஷனல் லீகுக்கு இறங்கி 2015-இல் மேலே போனது. கிரிம்ஸ்பி 2021-இல் இறங்கி 2022-இல் ஏறியது. எல்லா நிர்வாகக் கூட்டத்திலும் பேசப்படுவது இந்தக் கதைகள்தான். அதே இடத்தில் ரெக்ஸம் 15 வருஷம் கிடந்தது. ஸ்டாக்போர்ட் 2011-இல் இறங்கி, 2013-இல் இன்னொரு படியும் சறுக்கி, 2022-இல்தான் மீண்டது. லூட்டனுக்கு 5 வருஷம், லிங்கனுக்கு 6. இவை பெரிய ஊர்களின் கிளப்புகள், ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் உள்ளவை. அவற்றுக்கே இந்தக் கதி என்றால், சில நூறு பேர் மட்டும் வந்து பார்க்கிற கிளப் ஒரே வருஷத்தை நம்பித் திட்டம் போடுவது மிகவும் ஆபத்தானது.

யார்க் சிட்டியின் கதையை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் படிக்க வேண்டும். 2016-இல் நேஷனல் லீகுக்கு வந்தது. 2017 ஏப்ரலில் அங்கிருந்தும் இறங்கியது. அடுத்த மாதமே லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மேக்கல்ஸ்ஃபீல்டை 3-2 என்று வென்று, எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) நான்-லீக் கிளப்புகளுக்கு நடத்தும் எஃப்.ஏ. டிராபியைத் தூக்கியது. கோப்பை வந்தும் ஆறாம் படியில் 5 வருஷம் இருக்க வேண்டியிருந்தது. அன்று தோற்ற மேக்கல்ஸ்ஃபீல்ட் 2018-இல் மேலே போனது. ஆனால் கடன் கழுத்தை நெரிக்க, 2020-இல் கீழே வந்த சில வாரங்களிலேயே நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. மைதானத்தில் நடப்பதை வைத்து ஒரு கிளப்பின் நலத்தை எடை போடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு கிளப்புகளே போதும்.

சரி, திட்டத்தை எப்போது தொடங்க வேண்டும்? மே மாதத்தில் உட்கார்ந்து யோசிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. ஜனவரியிலேயே இரண்டு பட்ஜெட் தயாராக இருக்க வேண்டும், தங்கினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. 'இறங்குவதைப் பற்றிப் பேசினால் வீரர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள்' என்று மேனேஜர், அதாவது அணியின் பயிற்சியாளர், சொல்வார். அவர் அப்படிச் சொல்வது நியாயம்தான். ஆனால் கணக்குப் பார்ப்பவர்கள் அதைக் கேட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

ஒப்பந்தமும் அப்படித்தான். இறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும் என்ற விதி கையெழுத்துப் போடும் நாளிலேயே அதில் இருக்க வேண்டும். இறங்கிய பிறகு அதைக் கேட்டால் எந்த வீரரும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் நல்ல சம்பளம் வாங்கும் 32 வயது வீரர் ஒருவர் போதும், கீழ்ப் பிரிவில் மூன்று இளைஞர்களுக்குக் கொடுக்கக்கூடிய பணம் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பயந்துபோய் எல்லாரையும் ஒப்பந்தமில்லாத வீரர்களாக மாற்றிவிடுவது. ஒப்பந்தம் இல்லாத வீரரை இன்னொரு கிளப் 7 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அணுகலாம். அக்டோபரில் உங்கள் ஸ்ட்ரைக்கர் 10 கோல் அடித்திருப்பார், நவம்பரில் வேறு சட்டை போட்டிருப்பார், கிளப்புக்கு ஒரு பவுண்டு கூட வராது. வயது குறைந்த, விலை ஏறக்கூடிய நான்கைந்து பேரையாவது ஒப்பந்தத்தில் வைத்திருப்பது அவசியம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு மைதானத்தை அடமானமாகவோ விற்பனைப் பொருளாகவோ பார்ப்பது. ஸ்கார்பரோவில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 1999 மே 8 அன்று கார்லைல் அணியின் கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் கடைசி நொடிகளில் ஓடிவந்து அடித்த கோலால் கார்லைல் தப்பியது, ஸ்கார்பரோ இறங்கியது. ஐந்து வருஷம் கழித்து, பெரிய கிளப்புகளும் சின்னக் கிளப்புகளும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையின் நான்காம் சுற்றில் பிரீமியர் லீக் கிளப்பான செல்சியே அந்தக் கடற்கரை ஊருக்கு வந்து ஆடியது. அப்படி ஒரு ஆட்டம் கிடைத்தும் கடன் தீரவில்லை. மைதானத்தை வீடு கட்ட விற்றுக் கடனை அடைப்போம் என்பதுதான் திட்டம். ஆனால் அந்த நிலத்தை விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தது. 2006-இல் ஆறாம் படிக்கு இறங்கினார்கள், அடுத்த சீசனில் 10 புள்ளிகள் வெட்டப்பட்டு மறுபடி இறங்கினார்கள். 2007 ஜூனில் சுமார் 25 லட்சம் பவுண்டு கடனோடு கிளப் கலைக்கப்பட்டது. ரசிகர்கள் சேர்ந்து ஸ்கார்பரோ அத்லெடிக் என்று புதிதாகத் தொடங்கி, பக்கத்து ஊரான பிரிட்லிங்டனில் 10 வருஷம் ஆடிவிட்டு 2017-இல்தான் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். நிலத்தின் பத்திரத்தை முழுசாகப் படிக்காமல் அதன் விலையைப் பட்ஜெட்டில் எழுதக் கூடாது. படித்த பிறகும், ஆட வேறு இடம் உறுதியாகாமல் அதைத் தொடவே கூடாது.

'வேறு ஏதாவது கிளப் கலைந்தால் நாம் தப்பிவிடலாம்' என்று காத்திருப்பவர்களும் உண்டு. நடந்திருக்கிறது. 2014-இல் ஹெரிஃபோர்டும் சாலிஸ்பரியும் வெளியேற்றப்பட்டதால் செஸ்டரும் டார்ட்ஃபோர்டும் தப்பின. டார்ட்ஃபோர்ட் அடுத்த வருஷமே இறங்கியது. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளலாம், அதை எதிர்பார்த்து வீரர் தேர்வைத் தள்ளிப்போடக் கூடாது. எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்களும் சீக்கிரமே தொடங்கிவிடும். நேஷனல் லீக் கிளப் நான்காம் தகுதிச் சுற்றில் நுழையும், ஆறாம் படி கிளப் இரண்டாம் தகுதிச் சுற்றிலேயே ஆட வேண்டும். செப்டம்பரில் அணி தயாராக இல்லையென்றால் அந்தப் பரிசுப் பணமும் போச்சு.

அப்புறம், ஆட்கள். பணம் குறைந்ததும் சின்னச் சின்னச் செலவுகளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். சிறுவர் அணிகள், பெண்கள் அணி, தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் போய்விடும். இதில் மிச்சமாவது சொற்பம். நான்-லீக் கிளப் ஓடுவதே புல் வெட்டுகிறவர், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், டீ போடுகிறவர் என்று சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களால். அவர்களில் பத்துப் பேர் மனம் வெறுத்துப் போனால் அந்த வேலைக்கெல்லாம் கூலி கொடுத்து மாளாது. சிறுவன் ஒருவன் அணியில் ஆடினால் சனிக்கிழமை அப்பா, அம்மா, தாத்தா என்று குடும்பமே மைதானத்துக்கு வரும். அந்த அணியைக் கலைத்தால் அந்த வரவும் நின்றுவிடும்.

கீழே இறங்கியதை வெட்கமாக நினைத்து ஊரிடம் முகம் கொடுக்காமல் இருப்பதும் தவறுதான். ஆறாம் படியில் பயணம் குறையும், வெளியூரில் இரவு தங்கும் செலவு குறையும், பக்கத்து ஊர் அணிகளோடு மோதல்கள் கூடும். அவற்றை டிசம்பர் 26-இலும் ஈஸ்டரிலும் நன்றாக விளம்பரப்படுத்தினால் வருஷத்தின் பெரிய வசூல் அதுதான். முதல் ஐந்து படிகளில் ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்தச் சட்டம் தடை போடுகிறது. ஆறாம் படியில் அந்தத் தடை இல்லை. கையில் பியரோடு நின்று ஆட்டம் பார்ப்பது பலருக்குப் பெரிய ஈர்ப்பு, பார் வருமானமும் ஏறும்.

கடைசியாக, மைதானத்தின் தரத்தைக் கீழ்ப் படிக்குப் போதுமான அளவுக்குக் குறைய விடக் கூடாது. இருக்கைகள், விளக்குகள், உடைமாற்றும் அறைகள் எல்லாவற்றுக்கும் எஃப்.ஏ. படிவாரியாக விதி வைத்திருக்கிறது. டார்லிங்டன் இதில் அடிபட்டது. 2012-இல் நிதி நெருக்கடியால் ஒன்பதாம் படிக்குத் தள்ளப்பட்டு, நான்கு வருஷத்தில் மூன்று முறை உயர்ந்து ஆறாம் படிக்கு வந்த கிளப் அது. 2016-17 சீசனில் ஐந்தாம் இடம் பிடித்தும், மேலே போகும் அணியை முடிவு செய்யும் பிளேஆஃப் ஆட்டங்களில் ஆட விடவில்லை. காரணம், புது மைதானத்தில் விதிப்படி போதுமான இருக்கைகள் இல்லை. தர விதிகளைப் பூர்த்தி செய்யக் கெடு மார்ச் 31. இறங்கிய முதல் கோடையிலேயே இரண்டு படிகளின் விதிகளையும் பக்கத்தில் வைத்து, என்ன குறைகிறது, எவ்வளவு செலவாகும், எந்த வருஷம் முடிக்கலாம் என்று எழுதிவைத்துவிட வேண்டும்.