கேம்பிங் வண்டி தயார் செய்கிறீர்களா? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

போன வாரம் கோவையில் தெரிந்த தம்பிகள் இரண்டு பேர் தங்கள் புது 4×4 பிக்கப்பைக் கொண்டுவந்து காட்டினார்கள். கூரைமேல் கூடாரம், இரும்பு கேரியர், பின்னால் இரண்டு டீசல் கேன். இமாச்சலில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகிறார்களாம். "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய என் வண்டியையே பார்த்த மாதிரி இருந்தது.

ஸ்டெப்னி, ஜாக்கி பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. வண்டி தயார் செய்யும்போதும் ஓட்டும்போதும் செய்கிற மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

எடையைக் கணக்குப் போடாமல் சாமான் ஏற்றுவது

என் பணத்தை அதிகம் தின்ற தவறு இதுதான். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஆள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மொத்த எடை வரம்பு உண்டு. மாருதியின் சின்ன 4×4 வண்டியான ஐந்து கதவு ஜிம்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வண்டி சுமார் 1,200 கிலோ, வரம்பு 1,545. ஆளுக்கு 70 கிலோ என்று நாலு பேர் ஏறினாலே 280 போய்விடும். மீதி 65 கிலோவில் கூரைக் கூடாரம் ஒன்று ஏறினால் முடிந்தது. தண்ணீர் கேனுக்குக்கூட இடமில்லை. இரண்டு பேர் போக நல்ல வண்டி. குடும்பத்தோடு போகிறவர்கள் பெரியதாகப் பாருங்கள்.

நான் என் பிக்கப்பில் இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார்), இரண்டாவது பேட்டரி, மரப் பெட்டி என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய கனமாகத் தெரியவில்லை. ஸ்பிட்டி போகும் வழியில் குன்சும் கணவாய் தாண்டி லோசர் கிராமத்துக்கு இறங்கும்போது ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் இடது பின்பக்கம் வண்டி உட்கார்ந்திருந்தது. வண்டியின் எடையைத் தாங்கும் பட்டை அடுக்கான லீஃப் ஸ்பிரிங்கின் மேல் பட்டை நடு போல்ட் பக்கத்தில் முறிந்து, டயர் மட்கார்டில் உரசிக் கருப்புத் தூள் அப்பியிருந்தது. பாதிச் சாமானை லோசரில் ஒரு வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, காஸா ஊர் வரை சுமார் 60 கிலோமீட்டர் ஊர்ந்து போனோம். புதுப் பட்டை வந்துசேர நாலு நாள்.

ஊர் திரும்பி, லாரி நிறுக்கும் எடை மேடையில் அதே சாமானோடு ஏற்றினேன். வரம்புக்கு மேல் 240 கிலோ. அந்தச் சீட்டைக் கிளம்பும் முன்பே வாங்கியிருக்கலாம்.

"கனமான ஸ்பிரிங் போட்டா சரியாயிடும்" என்பார்கள். ஆகாது. வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் சேசிஸும் பழையதுதானே?

அப்புறம் கூரை. கூடாரம் விற்கிறவர் 300 கிலோ தாங்கும் என்பார். அது வண்டி நிற்கும்போது. ஓடும்போது கூரை தாங்கும் எடை வேறு, மிகக் குறைவு. வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். 60 கிலோ கூடாரமும் 30 கிலோ கேரியருமாக 90 கிலோவைத் தலையில் சுமந்துகொண்டு கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறிப்பாருங்கள், வண்டி சாய்வது வயிற்றில் தெரியும்.

தம்பிகளை அன்றைக்கே மேடைக்கு அனுப்பினேன். 90 கிலோ அதிகம். கேரியரும் ஒரு கேனும் இறங்கின, இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

முன்னால் இரும்பு கார்டு

வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பம்பருக்கு முன்னால் மாட்டும் இந்த இரும்புச் சட்டத்தைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவது

ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல், அதாவது இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். மணலிலும் சேற்றிலும் டயர் லேசாக வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது. முறுக்கு முழுக்க கியருக்குள் ஏறும். ஸ்டியரிங் கனத்தால் உடனே டூ வீலுக்கு மாற்றுங்கள்.

ரோட்டுக் காற்றோடு மணலில் இறங்குவது

டயரின் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். திரும்ப ஏற்ற கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜை ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மாட்டுவது

காலையில் வண்டி கிளம்பாது. தனி பேட்டரி.

டவ் பாலில் கயிறு மாட்டி இழுப்பது

டவ் பால் என்பது டிரெய்லர் மாட்ட வண்டிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை. சிக்கிய வண்டியை இழுக்கும்போது அது பிய்ந்தால் குண்டு மாதிரிப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் ஆட்களே இறந்திருக்கிறார்கள். சேசிஸோடு சேர்ந்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். இழுக்கும்போது கயிற்றுக்குப் பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.