ரீவைண்டிங் கடைத் துண்டுக் கம்பியில் ஒரு மோட்டார்: வகுப்பறைச் செய்முறை

கொங்கு நாட்டில் மோட்டாரைப் பார்க்காத பிள்ளை இல்லை. கிணற்று மேட்டில் ஓடுவது, வீட்டுக் கிரைண்டரில் ஓடுவது, பனியன் கம்பெனி மிஷினில் ஓடுவது எல்லாம் அதுதான். "காயில் போயிருச்சு" (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கெட்டுவிட்டது) என்ற பேச்சும் காதில் விழுந்திருக்கும். 1937லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டு மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மோட்டார் படம் வந்தால் மனப்பாடம்தான் நடக்கிறது.

அந்தப் படத்தைக் கையால் கட்டிப் பார்க்கும் செய்முறை இது. வகுப்பில் 40 பேர், நான்கு பேருக்கு ஒரு குழு, அடுத்தடுத்து இரண்டு பாடவேளை என்று கணக்கு. ஆசிரியர் மேசையில் ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பிள்ளைகள் கட்டும் முதல் காயில் பெரும்பாலும் சுற்றாது. ஏன் சுற்றவில்லை என்று தேடும் அரை மணி நேரத்தில்தான் பாடம் இருக்கிறது. இரண்டாவது பாடவேளை அதற்காகவே.

கம்பி வாங்குவது

பல்லடமோ கோபியோ காங்கயமோ, எந்த ஊரிலும் கெட்ட மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடை ஒன்று இருக்கும். "அண்ணா, புது ரீல்ல மிச்சமான துண்டுக் கம்பி இருக்குங்களா, 24 கேஜ்ல?" என்று கேளுங்கள். 24 கேஜ் என்றால் சுமார் 0.56 மி.மீ. தடிமன். 22 கேஜும் ஆகும். எண் கூடக் கூடக் கம்பி மெலியும்; 28க்கு மேல் போனால் தன் எடையிலேயே வளைந்துவிடும்.

தாமிரக் கம்பியை எடை போட்டுத்தான் தருவார்கள். 24 கேஜ் ஒரு மீட்டர் சுமார் 2.2 கிராம். ஒரு காயிலுக்கு 1.1 மீட்டர் வேண்டும். குழுவுக்கு மூன்று காயில் என்றால் பத்துக் குழுவுக்கும் மொத்தம் 33 மீட்டர், அதாவது 73 கிராம். 100 கிராம் வாங்கிவிடுங்கள்.

மூன்று கம்பிகளைத் தவிருங்கள். எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய கறுத்த கம்பியில் எனாமல் (மேலே பூசிய மின்காப்புப் பூச்சு) உதிர்ந்திருக்கும். சுற்றும்போது ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் போடும், மேலே பிளாஸ்டிக் உறை சுற்றிய கம்பியும் வேண்டாம். அது தண்ணீருக்குள் கிடப்பதற்கான காப்பு, பாதி மட்டும் சுரண்ட வராது. சுரண்டிய இடம் வெள்ளி நிறத்தில் மின்னினால் அது அலுமினியம். சுரண்டிய இடத்தில் உடனே ஆக்சைடு படலம் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும்.

மற்ற பொருள்கள்

- டார்ச்லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி, குழுவுக்கு ஒன்று, கூடுதலாக மூன்று. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த லித்தியம் செல்லை எக்காரணம் கொண்டும் தர வேண்டாம். இந்தக் காயிலின் மின்தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நின்றுபோனால் நேரடி ஷார்ட்டுக்குச் சமம். லித்தியம் செல் தீப்பிடிக்கும்.
- கறுப்பு ஃபெரைட் வட்டக் காந்தம், அரை செ.மீ. தடிமனில், குழுவுக்கு ஒன்று. சின்ன நியோடிமியம் காந்தம் வலுவானதுதான், ஆனால் இரண்டை விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்துக் கவ்விப் பிடிக்கும். சிறு பிள்ளைகள் வகுப்பில் அது வேண்டாம்.
- 5 செ.மீ. நீள ஊக்கு, குழுவுக்கு இரண்டு.
- பழைய பைக் டியூப்பிலிருந்து 2 செ.மீ. அகலத்துக்கு வெட்டிய ரப்பர் வளையம்.
- நைஸ் உப்புத்தாள், செல்லோ டேப், தடித்த மார்க்கர் பேனா.
- டார்ச் பல்பு ஒன்றும் இரண்டு துண்டு ஒயரும். இது சோதனை விளக்கு.

சுற்றுவதற்கு முன் ஒரு கேள்வி

சுரண்டாத கம்பியின் இரு முனையையும் பல்பு, பேட்டரியோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எரியாது. கம்பி பார்க்க வெறும் செம்பு போலவே இருப்பதால் பிள்ளைகள் பேட்டரியைத்தான் சந்தேகப்படுவார்கள். முனையைச் சுரண்டியதும் எரியும். எனாமல் என்ற கண்ணுக்குத் தெரியாத சட்டை அங்கே தெரிந்துவிடும். ரீவைண்டிங் கடையில் சீரிஸ் லேம்ப் வைத்துப் பார்ப்பதும் இதே வேலைதான், அங்கே வீட்டு மின்சாரத்தில் செய்கிறார்கள். பிள்ளைகள் அதை வீட்டில் செய்யக் கூடாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பல்புக்குப் பதில் எல்இடி வைத்தால் ஒரே பேட்டரியில் எரியாது, அதற்கு 1.5 வோல்ட் போதாது.

காயில் கட்டுவது

மார்க்கர் பேனா மீது, சுமார் 2 செ.மீ. விட்டத்தில், 15 சுற்று. இரு பக்கமும் 5 செ.மீ. முனை விட வேண்டும். பேனாவிலிருந்து உருவி, ஒவ்வொரு முனையையும் வளையத்தின் மேல் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி, நேரெதிர்த் திசையில் நீட்டுங்கள். இரு முனையும் வளையத்தின் நடு வழியாக ஒரே கோட்டில் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கனமான பக்கம் கீழே போய் நின்றுகொள்ளும். இரு விரல் நுனியில் தாங்கி உருட்டிப் பார்த்தால் தெரியும்.

சுரண்டுவது: எல்லாம் இங்கேதான்

ஒரு முனையை முழுக்கச் சுரண்டலாம். மறுமுனையில் பாதிச் சுற்றளவு மட்டும்.

எந்தப் பாதி? காயிலை மேசை ஓரத்தில் வையுங்கள். வளையம் மேசைக்கு வெளியே செங்குத்தாகத் தொங்க வேண்டும், கம்பி முனை மேசை மேல் கிடக்க வேண்டும். முனையின் மேல்பக்கத்தை மட்டும் சுரண்டுங்கள். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் கம்பியைச் சுற்றிக்கொண்டு முழுவதையும் எடுத்துவிடும். ஐஸ் குச்சியில் ஒட்டி, அரம் போல ஓட்டினால் பாதியோடு நிற்கும்.

வளையத்தை மேசை மேல் படுக்க வைத்துச் சுரண்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மின்சாரம் அப்போதும் பாதிச் சுற்றுக்குத்தான் பாயும், ஆனால் தவறான பாதிக்கு. காந்தம் கீழே படுத்திருப்பதால் அதன் புலம் மேல்நோக்கிப் போகிறது. வளையம் செங்குத்தாக நிற்கும்போதுதான் திருப்பு விசை அதிகம், படுத்திருக்கும்போது சுழி, அதாவது பூஜ்யம். படுக்க வைத்துச் சுரண்டிய காயிலில், சுழி இருக்கும் இடத்தின் இரு பக்கமும் மின்சாரம் பாய்கிறது. ஒரு பக்கம் முன்னுக்குத் தள்ளுவதை மறுபக்கம் பின்னுக்கு இழுக்கிறது. "டீச்சர், ஆடுதுங்க, ஆனா சுத்தலைங்க" என்று குரல் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இரு முனையும் முழுக்கச் சுரண்டிய காயிலும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். சில நேரம் துள்ளித் துள்ளிச் சுற்றவும் செய்யும். துள்ளும்போது தொடர்பு தற்செயலாக விட்டுப் போவதால் வருவது அது. ஒரு முனையில் மட்டும், ஒரு பாதியில் நகப்பூச்சு தடவி, பத்து நிமிடம் காயவிட்டால் காயிலைக் காப்பாற்றலாம்.

பொருத்துவது

பேட்டரியைப் படுக்க வைத்து டேப்பால் மேசையில் ஒட்டுங்கள். ஊக்குகளின் சுருள் முனை மேலே வரட்டும். கீழ்முனையைப் பேட்டரியின் இரு துருவத்திலும் வைத்து, ரப்பர் வளையத்தால் நீளவாக்கில் இறுக்குங்கள். காந்தம் பேட்டரியின் முதுகில். காயில் முனைகளை ஊக்குச் சுருளின் ஓட்டைக்குள் விடுங்கள். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும், ஒரு செ.மீ. ஆனால் விசை வெகுவாகக் குறையும். விரலால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். ஒரு பக்கம் தட்டி ஓடாவிட்டால் எதிர்ப்பக்கம் தட்டுங்கள்.

பத்து விநாடிக்குள் ஓடாவிட்டால் காயிலை வெளியே எடுத்துவிட வேண்டும். நின்ற காயில் சுடும், பேட்டரியும் வீணாகும்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலைப் பக்கம் ஜன்னலைச் சாத்தியே ஆக வேண்டும், ஃபேனையும் நிறுத்த வேண்டும். காற்றில் சுற்றும் காயிலைப் பார்த்து ஒரு குழு கைதட்டிக்கொண்டிருக்கும்.

நோயாளிக் காயில்கள்

முந்தைய நாளே நான்கு கெட்ட காயில் கட்டி வையுங்கள்: சுரண்டாதது, இரு முனையும் முழுக்கச் சுரண்டியது, படுக்க வைத்துச் சுரண்டியது, அச்சு தள்ளியது. இரண்டாவது பாடவேளையில் குழுக்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள். தொடுவதற்கு முன் நோட்டில் "என்ன கோளாறு, எப்படிச் சோதிப்பேன்" என்று எழுத வேண்டும். சோதனை விளக்கு முதல் காயிலைச் சட்டென்று பிடித்துவிடும். மற்றவற்றில் முனையை உருட்டி உருட்டி, எந்தக் கோணத்தில் எரிகிறது, எதில் அணைகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியே இல்லாமல் உருட்டிப் பார்த்து நான்காவதைக் கண்டுபிடிக்கும் குழுவைத் தனியாகப் பாராட்டலாம்.

முன்கூட்டிச் சொல்லச் சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. காந்தத்தைக் கவிழ்த்தால் திசை மாறும். பேட்டரியைத் திருப்பினாலும் மாறும். இரண்டையும் செய்தால்? 15 சுற்றுக்குப் பதில் 30 சுற்று? விசை கூடும், எடையும் கூடும். எது வெல்லும் என்று கட்டிப் பார்க்கட்டும். வேகத்தை அளக்க, காயிலில் சின்னக் காகிதக் கொடி ஒட்டி, விநாடிக்கு 240 பிரேம் ஓடும் ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். ஒரு சுற்றுக்கு 24 பிரேம் என்றால் விநாடிக்கு 10 சுற்று, நிமிடத்துக்கு 600.

புத்தகப் படத்தோடு சேர்க்கும்போது

இரண்டு இடத்தில் கவனம். பாதி சுரண்டிய முனை, பாதிச் சுற்றில் மின்சாரத்தை நிறுத்துகிறது, அவ்வளவுதான். மீதிப் பாதி வந்த வேகத்தில் ஓடுகிறது. புத்தகத்தில் உள்ள பிளவு வளையம், பாதிச் சுற்றில் மின்சாரத்தின் திசையைத் திருப்புகிறது. இரண்டும் ஒன்றென்று எழுதிப் போட்டால் பின்னால் திருத்துவது கடினம்.

அதேபோல் கிணற்று மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும் இதே வகை என்று சொல்லிவிட வேண்டாம். அவை இன்டக்ஷன் மோட்டார். நிலைக்காந்தமும் இல்லை, சுற்றும் பாகத்தை உரசி மின்சாரம் தரும் கார்பன் துண்டும் இல்லை. வீட்டில் இதற்கு நெருங்கிய சொந்தம் மிக்சி. அதில் கார்பன் தேய்ந்து மாற்றுவதைப் பார்த்திருக்கும் பிள்ளை ஒருவராவது இருப்பார். அவரையே விளக்கச் சொல்லலாம்.

முடிந்ததும் முதலில் காயில், பிறகு ஊக்கு, கடைசியில் காந்தம் என்ற வரிசையில் கழற்றுங்கள். ஊக்கு மாட்டியபடியே டப்பாவில் போட்டால், ஒன்றோடொன்று உரசி, அடுத்த வகுப்புக்குள் பத்துப் பேட்டரியும் செத்திருக்கும்.