நம்ம ஊரு ஹாக்கி மேட்ச்ல கரடி பொம்மை வீசுறது எப்படி

கனடா, அமெரிக்கா பக்கம் ஐஸ் ஹாக்கில டெடி பியர் டாஸ்னு ஒரு வழக்கம் இருக்கு, ஹோம் டீம் முதல் கோல் போட்ட உடனே கேலரில இருக்குறவங்க எல்லாம் கரடி பொம்மைய ஐஸ் மேல வீசுவாங்க, அதை அள்ளி குழந்தைகளுக்கு குடுத்துருவாங்க. 1993-ல கனடாவுல கம்லூப்ஸ்ல ஆரம்பிச்சது, 2025 ஜனவரில அமெரிக்காவுல ஹெர்ஷி பேர்ஸ்ங்குற டீமோட ஒரே மேட்ச்ல 1,02,343 பொம்மை விழுந்துச்சு! காரைக்குடி, தேவகோட்டை பக்கம் டோர்னமெண்ட் நடத்துறவங்க இதை அவசியம் பண்ணணும், ஐஸ் எதுக்கு, கிரவுண்டு போதும்.

முதல்ல அம்பயர்ட்ட பேசி சம்மதம் வாங்கிருங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடா பாந்தர்ஸ்ங்குற ஐஸ் ஹாக்கி டீமோட ரசிகர்கள் 1995-96 சீசன்ல கோலுக்கு கோல் பிளாஸ்டிக் எலி வீசி ஆட்டம் நின்னு நின்னு போனதால, ஹோம் டீமுக்கே பெனால்டின்னு லீக்ல ரூல் வந்துருச்சு. அதனால முதல் கோலுக்கு ஒரே தடவைதான், மைக்ல பேசுற அண்ணன்ட்ட இதை மேட்சுக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவை சொல்லச் சொல்லுங்க.

பொம்மை புதுசா, மெத்துன்னு இருக்கணும், பேட்டரி போட்டது, பிளாஸ்டிக் கண்ணு வச்சது வேணாம். கண்டாங்கி வெட்டுத்துணி கெடைச்சா தைக்கத் தெரிஞ்ச ஆச்சிமார்ட்ட குடுத்துப் பாருங்க, கண்ணு மூக்கெல்லாம் நூல்லயே போட்டுருவாங்க, கடை பொம்மைய விட எனக்கு அதுதான் அழகு. ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டணும், அங்க ஐஸ் ஈரத்துக்காக கட்டுறாங்க, இங்க செம்மண்ணு ஒட்டுனா வெள்ளை கரடி அவ்ளோதான். முடிச்சு போடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற காத்தை நல்லா அமுக்கி எடுத்துருங்க, இல்லாட்டி வீசுனது கிரவுண்டுக்கு போகாம முன்வரிசைக்காரங்க தலையிலயே விழும்.

அமெரிக்காவுல டெட்ராய்ட்ல 1952-ல மீன்கடை வச்சிருந்த அண்ணன் தம்பி ஐஸ் மேல ஆக்டோபஸ் வீசுனாங்க, அப்போ கப் வாங்க எட்டு மேட்ச் ஜெயிக்கணும், அதுக்கு எட்டு காலு, அந்த ஊரு டீமும் எட்டையும் ஜெயிச்சுருச்சு. அதைப் படிச்சுட்டு யாராவது மீன், கோழின்னு கேப்பாங்க, கறாரா வேணாம்னு சொல்லிருங்க. ஒரே ஆளு மூணு கோல் போட்டா அங்க தொப்பி வீசுவாங்க, அம்பயர் ஒத்துக்கிட்டா நம்ம துண்டு வீசலாம்.

அள்ளுறதுக்கு ஜூனியர் பசங்கள ரெடியா வச்சிருங்க, நாலு பேரு ஜமக்காளத்தை மூலைக்கு ஒருத்தரா புடிச்சுக்கிட்டு ஓடுனா, மத்தவங்க அதுல போட்டுக்கிட்டே வரலாம், சீக்கிரம் முடியும். அப்பறம் கோல் பக்கம் கவர் துண்டு எதுவும் கெடக்கான்னு ஒருத்தர் நடந்து பாத்துரணும், பந்து அதுல பட்டு திரும்புச்சுன்னா ஆளு காலுல அடிச்சுரும்.

அங்கன்வாடியா, ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டான்னு முதல்லயே கேட்டு வச்சுக்கங்க, சில எடத்துல துணி பொம்மை வாங்க மாட்டாங்க. மேட்ச் கோல் இல்லாம முடிஞ்சா கடைசி விசில் அடிச்சதும் வீசச் சொல்லுங்க, கொண்டு வந்த பொம்மைய யாரும் திருப்பி எடுத்துட்டு போகக்கூடாது.