மரச்செக்கு எண்ணெய்த் தொழில்: பாட்டிலுக்கு முன்னால் பருப்பைப் பாருங்கள்

கடலை எண்ணெய் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிற சாதாரணப் பொருள். அதையே செக்கில் ஆட்டிக் கொடுத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் மரச்செக்குகள் மறுபடி முளைத்துவிட்டன. வாகை மரத்து உரல், மோட்டார், அழகான பெயர்ப்பலகை, கண்ணாடி பாட்டில் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். பருப்பை மட்டும் யார் மலிவாகத் தருகிறாரோ அவரிடம் எடுக்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் பார்க்கிற பெரிய தவறு இதுதான்.

ரீஃபைண்ட் ஆலையில் எண்ணெயில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்து, நிறத்தை நீக்கி, நீராவி விட்டு வாடையையும் எடுத்துவிடுவார்கள். பருப்பு சுமாராக இருந்தாலும் எண்ணெய் ஒரே மாதிரி வந்துவிடும். செக்கில் அந்த வேலை எதுவும் கிடையாது. பருப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் பாட்டிலுக்கு வரும். சரியாகக் காயாத நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரலைப் பாதிக்கக் கூடியது. அதில் ஒரு பகுதி எண்ணெயோடு வரும், பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது இறங்கும். குழந்தை குடிக்கிற பால் அது.

அதனால் மூட்டையின் மேல்வாயில் மட்டும் பார்க்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். சுருங்கியது, கருத்தது, முளைவிட்டது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சிலதைப் பிளந்து பாருங்கள். காய்ந்த பருப்பு டக்கென்று உடையும், உள்ளே பளிச்சென்று இருக்கும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ தூள் இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். எடுத்த மூட்டையையும் ஆள் வைத்துப் பொறுக்க வேண்டும். பொறுக்கிப் போட்டதைத் தனியாக ஆட்டி விற்கலாம் என்றோ, மாட்டுக்குப் போடலாம் என்றோ தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இங்கேதான் விலைக் கணக்கும் தவறுகிறது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோவில் ஆறு கிலோ கழிந்தால், அப்போதே அது 138 ரூபாய் ஆகிவிடும். அப்படியென்றால் லிட்டருக்குப் பருப்பு மட்டும் 345 ரூபாய். பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ வரும். கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 ரூபாய் திரும்பக் கிடைக்கும். மீதி 285 ரூபாய்க்கு மேல்தான் கூலி, கரண்ட், பாட்டில், வாடகை, உங்கள் உழைப்பு எல்லாம் வர வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் 300 ரூபாய்க்குத் தருகிறார் என்று நீங்களும் இறங்கினால், ரெண்டாவது மாசமே பொறுக்கும் ஆளை நிறுத்தத் தோன்றும்.

அடுத்தது அவசரம். ஆட்டிய எண்ணெயை வெயிலில் துணி கட்டி வைத்து, இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, மேலாக வடித்தெடுக்க வேண்டும். ஆர்டர் நிற்கிறது என்று மறுநாளே பாட்டிலில் ஊற்றினால் கசடு அடியில் தங்கிச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தெளிந்த பிறகு எண்ணெய்க்கு வெயிலே ஆகாது. கடை வாசலில் பளபளவென்று அடுக்கி வைப்பது பார்க்க நன்றாக இருக்கும். வெளிச்சம் பட்டே எண்ணெய் கெடும்.

லேபிளில் 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று போடுவதும் வேண்டாம். நோய் தீரும் என்று உணவுப் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பதிலும் பெருமை இல்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இருக்காது. அந்த இடத்தில் ஆட்டிய தேதியையும் பருப்பு வந்த ஊரையும் போடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரே செக்கில் வேப்பங்கொட்டையும் ஆமணக்கும் ஆட்டிவிட்டு எள்ளைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். கழுவினாலும் மரம் ஊறிய வாடையை விடாது; சமையல் எண்ணெய்க்குத் தனிச் செக்கு இருக்கட்டும்.

தேங்காயெண்ணெய் விற்றால் இன்னொன்று. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழியில் 'எண்ணெய் கட்டிப்போச்சு, கலப்படமா?' என்று போன் வரும். வெந்நீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும் என்று கார்த்திகையிலேயே ஒரு சீட்டு அச்சடித்துப் பாட்டிலோடு கொடுத்துவிடுங்கள்.