தனுஷ்கோடியை நடந்து பார்க்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன பங்குனியில் ஒரு காலை, 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி சர்ச்சுக்குப் பக்கத்தில் டீக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். மதுரைப் பக்கத்து காலேஜ் பையன்கள் இரண்டு பேர், தோளில் டிரைபாட், தார்ச்சாலையை விட்டு இறங்கி வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்த பொட்டலுக்குள் குறுக்கே நடந்து போனார்கள். "தம்பி, திரும்புங்க!" என்று கத்தினேன். அதில் ஒருவன் திரும்பி, சிரித்து, கை அசைத்துவிட்டு இன்னும் வேகமாக நடந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் போனேன்.

நான் கைடு இல்லை. பாம்பன்காரன். ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று யாராவது கேட்டால் கூட்டிக்கொண்டு போவேன், அதுவும் நடந்துதான். தொப்பி போடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது குழந்தைக்கும் தெரியும்.

முனைக்கு முதலில் ஓடுவது

ராமேஸ்வரத்திலிருந்து வரும் வழியில் இருக்கும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய ஊர் சுமார் 5 கிலோமீட்டர். அங்கிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை இன்னொரு நாலரை. 2017-ல் இந்தச் சாலை திறந்ததிலிருந்து வருகிற வண்டி எல்லாம் பழைய ஊரைத் தாண்டி நேரே முனைக்குப் போய், அசோகத் தூண் ரவுண்டானாவைச் சுற்றி, படம் எடுத்து, திரும்பும்போது உச்சிவெயிலில் சர்ச் வாசலில் பத்து நிமிடம் நிற்கிறது. அதோடு தனுஷ்கோடி பார்த்தாகிவிட்டது!

ஊர் என்பது அந்த ஒரு சர்ச் இல்லை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயில் இங்கே வந்தது. இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், சுங்க ஆபீஸ் எல்லாம் அந்தப் போக்குவரத்தைச் சுற்றி முளைத்தவை. இடிபாடுகள் ஒரே இடத்தில் இல்லை, மணலில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால்தான், சரி, இங்கே பயணி இறங்கியிருப்பான், இங்கே பெட்டியைச் சோதித்திருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு தெரு உருவாகும். அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். காலையில் முதலில் கிடைக்கும் பஸ்ஸில் பழைய ஊரிலேயே இறங்கிவிடுங்கள். முனை எங்கேயும் போய்விடாது.

வெள்ளைப் பொட்டலில் குறுக்கே போவது

இதுதான். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2009 சித்திரை. அப்போது சாலை கிடையாது, மணலிலும் தண்ணீரிலும் உருண்டு போகும் பழைய வேன்கள்தான். போகும்போது வேனில் போனோம், திரும்பும்போது நடக்கலாம் என்று நான்தான் வீரம் பேசினேன். கழுத்தில் மச்சானுடைய கேமரா. தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தான், கல்யாண சீசன் வேறு, "ரெண்டு நாள்ல தந்துரு மாப்ள" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தான். வேன் தடம் ஒரு பெரிய வளைவு போட்டு மேட்டைச் சுற்றிப் போனது. நேராகக் குறுக்கே போனால் பாதித் தூரம். தரையோ வெடித்துக் காய்ந்து, உப்புப் பூத்து, சிமெண்ட் போட்ட களம் மாதிரி இருந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, "யப்பா, அங்கிட்டு எறங்காத, உளை கெடக்கு" என்றார். நான் கேட்டேன், காதில்தான் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. முதல் ஐம்பது அடி கல் மாதிரி. அப்புறம் பிஸ்கட் உடைவது போல மெல்லிய ஒரு சத்தம். அடுத்த அடியில் முழங்கால் வரை கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். காலை வெடுக்கென்று இழுத்தேன், செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது, நான் முன்பக்கமாக விழுந்தேன். கேமரா என் நெஞ்சுக்கும் சேற்றுக்கும் நடுவில்.

அந்த அம்மா வீட்டு ஆட்கள் உடைந்த படகுப் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் சுருக்கென்று இருக்கிறது. உப்புத்தண்ணீர் உள்ளே போன கேமரா பிழைக்கவே இல்லை. 32,000 ரூபாய், பதினோரு மாதத் தவணையில் மச்சானுக்கு அடைத்தேன். இன்றைக்கும் அவன் வீட்டு விசேஷத்தில் யார் கேமராவைத் தூக்கினாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

ஏன் இப்படி என்று பின்னால் புரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வாடைக் காற்றிலும் இந்தப் பள்ளமெல்லாம் தண்ணீர் கட்டும். மாசி, பங்குனியில் மேல் தோல் மட்டும் வற்றி உப்புப் பொருக்காகும், கீழே ஈரம் அப்படியே கிடக்கும். ஆகவே தண்ணீர் நிற்கும் மாதத்தை விட, காய்ந்த மாதத்தில்தான் ஆள் ஏமாறுவான்.

தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடப்பங்கொடி படர்ந்திருந்தால், ராவணன் மீசை என்று நாங்கள் சொல்லும் அந்த முள்ளுப் புல் நின்றால், அது மணல் மேடு, தாங்கும். ஒரு செடிகூட இல்லாமல் வெள்ளையாக மினுங்கினால் கால் வைக்காதீர்கள். பறவைக் கால்தடம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், உள்ளான் குருவிக்கு என்ன எடை இருக்கும்? மீனவர் வண்டித் தடம் எவ்வளவு சுற்றிப் போனாலும் அதிலேயே போங்கள், அவர்கள் பொழுது போகாமல் வளைக்கவில்லை. மீறிச் சிக்கிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்து, வந்த வழியே திரும்ப வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நீர்ப்பரப்புகளில்தான் பூநாரைகள் வந்து மேய்கின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரை பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. கிட்டப் போய்ப் படம் எடுக்கிறேன் என்று இறங்கினால் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும், உங்களுக்குப் படமும் கிடைக்காது.

அந்தப் பையன்கள்? கணுக்கால் வரை புதைந்ததோடு புத்தி வந்து திரும்பிவிட்டார்கள். டிரைபாடின் ஒரு கால் மட்டும் வரவில்லை.

காற்றை மறப்பது

ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேற்குப் பக்கத்துக் காற்று வீசும்போது முனையை நோக்கி நடந்தால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அட, நாலரை கிலோமீட்டர் இவ்வளவுதானா என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், கண்ணைத் திறக்க முடியாது. வழியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்த மாதங்களில் ஒரு வழி மட்டும் நடங்கள், மறு வழிக்கு பஸ்.

ஊற்றில் கால் கழுவுவது

குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி, அடியில் ஒரு சாண் தண்ணீர், ஓரத்தில் ஒரு கொட்டாங்கச்சி. இரண்டு பக்கமும் கடல் இருக்க, அது நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீரை விட லேசாக இருப்பதால் அதன் மேல் தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பதால்தான் குழி அவ்வளவோடு நிற்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் குடிப்பது அதைத்தான். நம் ஆட்கள் அதில் மணல் காலைக் கழுவுகிறார்கள், நானே இரண்டு முறை பார்த்து சண்டை போட்டிருக்கிறேன். குடிக்க வேண்டுமா, கேளுங்கள், மொண்டே கொடுப்பார்கள்.

சுவரில் ஏறுவது

பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். அறுபது வருட உப்புக் காற்று தின்றது போக மிச்சம் நிற்கிறது. நீங்கள் சாய்ந்தாலே உதிரும்.

ரயில் இங்கேதான் மூழ்கியது என்று நம்புவது

ஸ்டேஷன் இடிபாட்டில் நின்று யாராவது இப்படிச் சொல்வார்கள். 1964 டிசம்பர் 22 புயல் இரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில் இந்த ஸ்டேஷனுக்கு வந்து சேரவே இல்லை, ஊருக்கு வெளியிலேயே அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆளாளுக்கு ஒரு சாவு எண்ணிக்கை சொல்வார்கள், காசு வாங்குகிறவர் கொஞ்சம் கூடவே சொல்வார். ஸ்டேஷனில் பார்க்க வேண்டியது வேறு. தண்டவாளம் எந்தப் பக்கம் வந்திருக்கும், கப்பல் துறை எந்தப் பக்கம் என்று நின்று பாருங்கள்.

முனையில் குளிப்பது

வேண்டாம். வடக்கே இருக்கும் கடலை பெண் கடல் என்போம், அமைதியாகத் தெரியும். தெற்கே இருக்கும் ஆண் கடல் அப்படி இல்லை, முனையில் இரண்டும் சேருகின்றன.

போன்

சில போன்களில் இலங்கை நெட்வொர்க் தலைகாட்டும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

மீன் வறுவல்

விலை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கடைசி பஸ்

சாயங்காலம் ஆனால் போலீஸ் எல்லாரையும் கிளப்பிவிடும். கண்டக்டரிடம் "அண்ணே, அஞ்சே நிமிஷம், பின்னால ஆள் வருது" என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். விசில் ஊதிவிட்டார்.