வர்க்கமூலச் சமன்பாடுகள்: எங்கே சறுக்குகிறோம்?

√(𝑥 + 7) = 𝑥 − 5 என்ற சமன்பாட்டைக் கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் சரியாகத்தான் தொடங்குகிறார்கள். இருபக்கமும் வர்க்கப்படுத்தி 𝑥 + 7 = 𝑥² − 10𝑥 + 25 என்று எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால் 𝑥² − 11𝑥 + 18 = 0. காரணிப்படுத்தினால் 𝑥 = 9, 𝑥 = 2. கீழே கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.

9-ஐ வினாவில் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் √16 = 4, வலப்பக்கம் 9 − 5 = 4. சரி. இனி 2: இடப்பக்கம் √9 = 3, வலப்பக்கம் 2 − 5 = −3. பொருந்தவில்லை. இத்தனைக்கும் செய்த படிகளில் ஒரு பிழையும் இல்லை. அப்புறம் இந்த 2 எங்கிருந்து வந்தது?

வர்க்கப்படுத்தியபோது வந்தது. 3 வேறு, −3 வேறு. ஆனால் இரண்டின் வர்க்கமும் 9தான். உண்மையில் 2 என்பது −√(𝑥 + 7) = 𝑥 − 5 என்ற வேறொரு சமன்பாட்டின் விடை. வர்க்கப்படுத்தினால் இரண்டும் ஒரே வரியாகிவிடுவதால் அதன் விடையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் சரிபார்ப்பது நேரம் மிஞ்சினால் செய்கிற வேலை இல்லை. தீர்க்கும் முறையில் அதுவும் ஒரு படி. வினாவில் உள்ள சமன்பாட்டில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். வர்க்கப்படுத்திய வரியில் போட்டால் 9-உம் பொருந்தும், 2-உம் பொருந்தும், ஒன்றும் தெரியவராது.

இதோடு ஒட்டியது குறிக் குழப்பம். √25 என்றால் 5 மட்டுமே, ±5 இல்லை. 𝑥² = 25 என்று இருந்தால்தான் இரண்டு விடை. இது மனதில் பதிந்துவிட்டால் √(2𝑥 + 1) + 4 = 1 என்ற கணக்கை ஒரே வரியில் முடிக்கலாம்: √(2𝑥 + 1) = −3, வர்க்கமூலம் குறை எண்ணாக வராது, ஆகவே தீர்வு இல்லை. கவனிக்காமல் வர்க்கப்படுத்தினால் 𝑥 = 4 என்ற பொய் விடை கிடைக்கும்.

இரண்டு வர்க்கமூலங்கள் வரும்போது வேறொரு தவறு. √(𝑥 + 5) + √𝑥 = 5 என்பதை 𝑥 + 5 + 𝑥 = 25 என்று எழுதி, 𝑥 = 10 என்பவர்கள் நிறைய. (𝑎 + 𝑏)² விரிவில் 2𝑎𝑏 என்ற நடு உறுப்பு எங்கே போயிற்று? முதலில் ஒரு வர்க்கமூலத்தைத் தனியாக்குங்கள்: √(𝑥 + 5) = 5 − √𝑥. இப்போது வர்க்கப்படுத்தினால் 𝑥 + 5 = 25 − 10√𝑥 + 𝑥. இருபக்கமும் 𝑥 அடிபட்டுப் போக, √𝑥 = 2, 𝑥 = 4. போட்டுப் பார்த்தால் 3 + 2 = 5.

இதுவரை சொன்ன தவறுகளையெல்லாம் சரிபார்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்காத தவறும் ஒன்று உண்டு. 𝑥√(𝑥 − 1) = 3√(𝑥 − 1) என்பதில் இருபக்கமும் உள்ள √(𝑥 − 1)-ஐ அடித்துவிட்டால் 𝑥 = 3 மட்டும் கிடைக்கும். அது சரிதான், ஆனால் 𝑥 = 1 என்ற விடை தொலைந்துவிட்டது; அந்த இடத்தில் நாம் பூச்சியத்தால் வகுத்திருக்கிறோம். வகுக்காமல் (𝑥 − 3)√(𝑥 − 1) = 0 என்று ஒரே பக்கம் கொண்டுவாருங்கள், இரண்டு விடையும் கிடைக்கும்.