மந்தநிலையில் கலை மானியத்தை வெட்டும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்க மாநிலங்களில் ஏறக்குறைய எல்லாமே வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும். மத்திய அரசைப் போலக் கடன் வாங்கிச் சமாளிக்க வழியில்லை. மந்தநிலை வந்து வரி வசூல் படுத்துவிட்டால் கலை மானியத்துக்குத்தான் முதலில் கத்தி. வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கே பணம் முடையாக இருக்கும் வருடத்தில், நாடகக் குழுவுக்கு முழுத் தொகையும் கொடு என்று யார் கேட்பது? கிளையை வெட்டலாம். அடிமரத்தையே சாய்ப்பதுதான் தவறு.

கான்சஸ் மாநிலம் அதைத்தான் செய்தது. 2011இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக், மாநிலக் கலை ஆணையத்துக்கு ஒதுக்கிய 6,89,000 டாலரை வீட்டோ செய்து ரத்தாக்கினார்; ஆணையமே முடங்கியது. மிச்சம் என்று பார்த்தால் ஏழு லட்சம்கூட இல்லை. ஆனால் மத்திய அரசின் கலை நிதியமைப்பு தன் மானியத்தில் 40 சதவீதத்தை மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குத் தருகிறது. மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும் என்பது நிபந்தனை. கான்சஸிடம் போடப் பங்கும் இல்லை, வாங்கிக்கொள்ள ஆணையமும் இல்லை. மத்திய, வட்டார நிதி சேர்ந்து சுமார் 12 லட்சம் டாலர் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே வேறு பெயரில் ஓர் ஆணையம், 7 லட்சம் டாலர் ஒதுக்கீடு! இதற்கு எதற்கு அந்தக் கூத்து?

'தனியார் நன்கொடை வந்து ஈடுகட்டும்' என்ற நினைப்பு இன்னொரு தவறு. அறக்கட்டளைகள் கொடுப்பது பெரும்பாலும் முதலீட்டு வருமானத்திலிருந்து. பங்குச்சந்தை விழுந்தால் அவர்கள் கையும் சுருங்கும்.

சரி, கலைக்குழுக்கள் பக்கம் தவறே இல்லையா? உண்டு. 2009இல் மத்திய அரசு வேலைகளைக் காப்பாற்ற 5 கோடி டாலர் ஊக்கநிதியைக் கலைக்குக் கொடுத்தது. அது ஒருமுறை வருகிற பணம். அப்படிப்பட்ட பணத்தை நம்பி நிரந்தரச் செலவை ஏற்றிக்கொண்டால் மறுவருடம் திண்டாட்டம்தான்.

மினசோட்டாவில் வேறு கதை. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி சரிந்த இரண்டே மாதத்தில், 2008 நவம்பரில், விற்பனை வரியை ஒரு சதவீதத்தில் எட்டில் மூன்று பங்கு உயர்த்த மக்களே வாக்களித்தார்கள். 2034 வரை அந்த வசூலில் 19.75 சதவீதம் கலைக்கும் பண்பாட்டு மரபுக்கும். இதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் வரி உயர்வை மட்டும் கவனித்து, அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு வாசகத்தை விட்டுவிடுகிறார்கள்: இந்தப் பணம் பழைய ஒதுக்கீட்டோடு கூடுதலாகச் சேர வேண்டும், அதற்குப் பதிலாக வரக்கூடாது.